தறிக்குப் பக்கத்தில் வைத்த போன்

எங்கள் தெருவில் வீட்டுப் போன் வைத்திருந்தவர்கள் எல்லோரும் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பல வீடுகளில் ஒயர் மட்டும் சுவரில் தொங்குகிறது. எங்கள் வீட்டில் இன்னும் போன் இருக்கிறது. ஆபீஸில் கூட வேலை செய்கிறவர்கள் கேட்கிறார்கள், ஆளுக்கு ஒரு செல் இருக்கும்போது எதற்கு வெட்டியாக அதற்கு வாடகை கட்டுகிறாய் என்று. லைன்மேனே ஒருமுறை சரண்டர் பண்ணிவிடுங்கள் என்று நல்ல எண்ணத்தில் சொல்லிப் பார்த்தார். நான் சிரித்து மழுப்பிவிடுவேன். உண்மையான காரணத்தைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வந்துவிடும். வரட்டும், இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் போனை நாங்கள் கேட்டு வாங்கவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில், நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தபோது, அதுவாகவே எங்கள் வீட்டுக்கு வந்தது. அன்றைக்கெல்லாம் போனுக்கு எழுதிப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்துக்கிடந்தவர்கள் ஊரில் நிறையப் பேர். எங்களுக்கு அது தானாக வந்ததற்குக் காரணம் முதலாளி. முதலாளி என்றால், என் நைனா யாருக்குப் பட்டுப்புடவை நெய்து கொடுத்தாரோ அவர். நீளவாக்கில் ஏற்றுகிற பாவும் குறுக்கே ஓட்டுகிற ஊடைப் பட்டும் அவர் கொடுப்பார். எங்கள் வீட்டில், தரையில் வெட்டிய பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்து ஓட்டுகிற எங்கள் தறியில் நைனா நெய்து கொடுப்பார். புடவை போனால் கூலி வரும். ஊருக்குள்ளும் தேசூர்ப் பக்கமும் அவருக்காக ஓடிய தறிகள் ஏராளம்.

ஒருநாள் அவருடைய மேனேஜர், லைன்மேனையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். முதலாளி உங்கள் மேல் பிரியப்பட்டு ஏற்பாடு செய்திருக்கிறார், கனெக்‌ஷன் உங்கள் பேரில், பில் அவர் பார்த்துக்கொள்வார் என்றார். எங்கே வைப்பது என்று லைன்மேன் கேட்டதும் அம்மா முன்னறையில் சாமி படத்துக்குக் கீழே கையைக் காட்டினாள். மேனேஜர் தலையை ஆட்டினார்.

"அங்க எதுக்குமா? தறிக்குப் பக்கத்துல வைக்கச் சொல்லியிருக்காரு மொதலாளி. உங்க வூட்டுக்காரரு பள்ளத்துல இருந்து ஏறி வரவே வேணாம். ஒக்காந்த எடத்துல இருந்தே எடுக்கலாம் இல்ல?"

எங்களுக்கு அவ்வளவு மகிழ்ச்சி. எவ்வளவு யோசித்திருக்கிறார் பாருங்கள் என்று அம்மா மெய்யாகவே நெகிழ்ந்துபோனாள். நைனா தன் கையாலேயே ஒரு மரத்தட்டு அடித்துத் தறியோரச் சுவரில் பொருத்தினார். அம்மா போனுக்குக் குங்குமம் வைத்தாள். எதிர்வீட்டுச் சித்தப்பா வந்து பார்த்துவிட்டு, "கலெக்டருக்குக்கூட இவ்ளோ பக்கத்துல போன் இருக்காதுண்ணே" என்றார். நைனா சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது குறைவு. அதனால்தான் அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கு எரிகிறது.

முதலில் சாதாரணமாகத்தான் கூப்பிட்டார். புடவை எப்போது இறங்கும், கரைக்குக் கொடுத்த நூல் போதுமா என்று கேட்பார். பிறகு ஒருநாள் நைனாவிடம், "போனைக் கட் பண்ணாத. அப்படியே கீழ வெச்சிட்டு நீ பாட்டுக்கு ஓட்டு" என்றார். எதற்கு என்று நைனா கேட்கவில்லை. முதலாளியிடம் எதற்கு என்று கேட்கிற பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது. ரிசீவரைத் தறியோரப் பலகைமேல் மல்லாக்க வைத்துவிட்டு மிதியை மிதித்தார். ஊடை நூலை இழுத்துக்கொண்டு நாடா குறுக்கே ஓடியது. கொஞ்ச நேரம் கழித்துப் பலகையிலிருந்து கொசு கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. நைனா எடுத்துக் காதில் வைத்தார். "சரி சரி, ஓடுது" என்று சொல்லிவிட்டு முதலாளி வைத்துவிட்டார்.

வேவு பார்ப்பதற்காகத்தான் போன் வந்திருக்கிறது என்பது எங்களுக்கு அப்போதுகூட உறைக்கவில்லை.

முதலாளியின் அப்பா ஒரு காலத்தில் தறி போட்டவர். அந்தச் சத்தத்திலேயே வளர்ந்தவர் இவர். புடவையின் உடம்புப் பகுதி ஓடுகிறதா, முந்திக்கு வந்தாயிற்றா என்று காதாலேயே கண்டுபிடித்துவிடுவார். முந்தியில் வேலை அதிகம், நாடா மாற்றி மாற்றிப் போட வேண்டும், அதனால் சத்தம் விட்டுவிட்டு வரும். "இன்னாய்யா, இன்னும் உடம்புதான் ஓட்டிகினு இருக்கியா? நேத்தே முந்தி புடிச்சிருக்கணுமே" என்பார். நைனாவைவிட வயதில் சின்னவர். நைனா வாங்க போங்க என்பார். அவர் வாய்யா போய்யா என்பார். அந்த 'யா' ரிசீவரிலிருந்து தெறித்து, பக்கத்தில் உட்கார்ந்து ராட்டையில் ஊடை நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருக்கும் அம்மா காதிலும் விழும்.

கொஞ்ச நாளில் அது வீட்டு வழக்கமாகவே ஆகிவிட்டது. மணி அடித்தால் யார் எடுத்தாலும், "ஓட்டிகினுதான் கீறாரு, கேளுங்க" என்று சொல்லி ரிசீவரைத் தறியோரம் வைத்துவிட வேண்டும். அந்தப் பக்கம் பேசுகிறவர் குரல் வரும்வரைகூடக் காத்திருப்பதில்லை. உலைக்கு அரிசி போடுகிற மாதிரி, யோசிக்காமல் அம்மா அதைச் செய்வாள்.

போன் வருவதற்கு முன்னால் நைனா நினைத்தால் எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வருவார். கடையில் நின்று அரை மணி நேரம் பேசிவிட்டு வந்து, அந்த வேலையைச் சாயந்திரம் இழுத்துப்போட்டுச் செய்துவிடுவார். கூலி புடவைக்குத்தானே, நேரத்துக்கு இல்லையே. போன் வந்த பிறகு டீ வீட்டுக்கு வந்தது. கலசப்பாக்கத்தில் ஒரு சாவுக்குப் போய்த் திரும்பியவரிடம், நேற்றெல்லாம் மணி அடித்துக்கொண்டே இருந்ததே என்று முதலாளி கணக்குக் கேட்டார். அடுத்த சாவுக்கு அம்மா மட்டும் போனாள்.

ஒருமுறை நைனாவுக்குக் கடுமையான காய்ச்சல். கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். மணி அடித்தது. அம்மா வழக்கம்போலச் சொல்லி ரிசீவரை வைத்துவிட்டு, தானே தறியோரம் குனிந்து, நூலை அடித்துச் சேர்க்கிற பலகையை முன்னும் பின்னும் தட்டினாள். ஊடை இல்லாத வெறும் சத்தம். தறியோரம் கிடந்த ரிசீவர் கத்தியது. எடுத்துக் காதில் வைத்தாள். "இது ஓட்டற சத்தம் இல்லமா. தட்டற சத்தம். யாரை ஏமாத்தறீங்க?" என்றாராம். நைனா கம்பளியோடு எழுந்து பள்ளத்தில் இறங்கினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். காலேஜில் சேர்ந்திருந்த புதிது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போன முதல் ஆள் நான். நான் படித்திருந்தது எதுவும் அந்த நேரத்துக்கு உதவவில்லை.

தெருவுக்கும் எங்களுக்கும் பேஜார் வந்தது. அந்தக் காலத்தில் போன் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு நம்பரைப் பி.பி. நம்பர் என்று உறவுக்காரர்களுக்குக் கொடுத்து வைப்பார்கள். எங்கள் நம்பரையும் நாலைந்து வீட்டார் கொடுத்திருந்தார்கள். அவர்கள் வந்து பேசுகிற நேரம் பார்த்து முதலாளி கூப்பிட்டு, லைன் கிடைக்காவிட்டால், யார்கூட அவ்வளவு நேரம் பேச்சு என்பார். அம்மா கடைசியில் எல்லோரிடமும் போன் ரிப்பேர் என்று சொல்லிவிட்டாள். ரிப்பேரான போன் தெரு முழுக்கக் கேட்கும்படி மணி அடித்துக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுச் சித்தப்பா எங்கள் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார்.

இத்தனையையும் நான் பொறுத்துக்கொண்டேன் என்று சொல்ல முடியாது. பொருமிக்கொண்டிருந்தேன். வேலை கிடைக்கட்டும், முதலில் இந்தக் கருமத்தைப் பிடுங்கி எறிகிறேன் என்று அம்மாவிடம் சொல்வேன். அவளும், கிடைக்கட்டும் கண்ணு, நீயே பிடுங்கு என்பாள்.

வேலை கிடைக்கத்தான் இருந்தது. காலேஜ் முடித்த வருஷம் சென்னையில் ஒரு கம்பெனியில் பரீட்சை எழுதினேன். நன்றாக எழுதினேன். பரீட்சை நடத்தியவர், ஒரு வாரத்துக்குள் போன் செய்வோம், அன்றைக்கே வர வேண்டியிருக்கும், தயாராக இருங்கள் என்றார். எங்கள் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன். பெருமையாகக்கூட இருந்தது. கூட எழுதியவர்களில் பாதிப் பேருக்குப் பி.பி. நம்பர்தான்.

வாரம் முழுவதும் வீட்டிலேயே கிடந்தேன். ஒரே ஒரு நாள் காலையில் சர்டிபிகேட் நகல் எடுக்க பஜாருக்குப் போனேன். வாரம் முடிந்தது. போன் வரவில்லை. நானே பஸ் ஏறிப் போய்க் கேட்டேன். அந்த மனிதர் என் பேரைக் கேட்டதும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"நீங்களா? உங்க வீட்டுல இன்னா மில்லு நடத்துறீங்களா தம்பி? ஒரு அம்மா எடுத்து, கேளுங்கன்னாங்க. அப்புறம் டக்கு டக்குன்னு ஒரே மிஷின் சத்தம். ரெண்டு தடவ பண்ணேன். ரெண்டு தடவயும் அதான். ராங் நம்பர்னு விட்டுட்டேன்."

பட்டியலில் எனக்கு அடுத்து இருந்த பையன் சேர்ந்து நாலு நாள் ஆகியிருந்தது. அவருக்கு அது ஒரு வேடிக்கைக் கதை. எழுந்துபோய்ப் பக்கத்து மேஜைக்காரரிடமும் சொன்னார். நான் நின்றுகொண்டிருக்கும்போதே சொன்னார்.

ஆற்காடு வழியாகத் திரும்பி வந்தேன். வழியெல்லாம் அம்மாவை என்ன கேட்க வேண்டும் என்று பேசிப் பேசிப் பார்த்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லாம் மறந்துபோய், பஜாருக்குப் போன அன்றைக்குப் போன் வந்ததா என்று மட்டும் கேட்டேன்.

ரெண்டு தடவை வந்தது என்றாள். ராட்டையை நிறுத்தாமலே சொன்னாள். "ஆம்பள கொரலு. இங்கிலீஷ்ல இன்னாவோ ஆரம்பிச்சாங்கோ. மொதலாளி புதுசா ஆள் வெச்சிருக்காருன்னு நெனச்சேன். ஓட்டிகினுதான் கீறாரு, கேளுங்கன்னு வெச்சேன். ரொம்ப நேரம் கேட்டாங்கோடா. நல்லவேள, அன்னிக்கி நைனா நல்லா ஓட்டினாரு."

அவளிடம் கோபப்பட எனக்கு வாய் வரவில்லை. விஷயத்தைச் சொன்னதும் ராட்டை நின்றது. நூல் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். தறியும் நின்றது. கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது.

நான் எடுத்தேன். முதலாளிதான்.

"இன்னா, சத்தத்தையே காணோம்? போனைத் தறிகிட்ட வை."

"வைக்க முடியாதுங்க," என்றேன்.

"யாரு, படிச்சவனா? ஜல்தியா வைடா, எனக்கு வேல கீது."

"தறி ஓடுதா இல்லையான்னு பொடவை வரும்போது தெரிஞ்சிக்கங்க. இனிமே இந்த வீட்டுல யாரும் சத்தம் போட்டுக் காட்ட மாட்டாங்க."

"நான் வெச்ச போன்ல எனக்கே நியாயம் சொல்றியா? உங்கப்பனாண்ட குடு" என்றார். நான் போனை வைத்துவிட்டேன். மறுபடி அடித்தது. நைனா பள்ளத்திலிருந்து ஏறி வந்து, என் கையைத் தட்டிவிட்டு எடுத்தார். சின்னப் பையன், தெரியாமல் பேசிட்டான், மனசுல வெச்சிக்காதீங்க என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். பிறகு ரிசீவரைப் பலகையில் மல்லாக்க வைத்துவிட்டு இறங்கி ஓட்டினார். அது முடிந்த பிறகுதான் என்னிடம் திரும்பினார்.

"உனுக்கு ரோசம் வந்தா உன்னோட வெச்சிக்க. தறி என் கால்ல இல்ல கட்டியிருக்குது."

அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த கோபம் முதலாளிமேல் வந்ததைவிட அதிகம். அவரிடம் பேசுவதை நிறுத்தினேன். ஆனால் பேசியது தப்பு என்று அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது.

மறுநாள் முதலாளி நேரிலேயே வந்தார். நடு வீட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நெய்திருந்தவரையில் புடவையின் கரையை விரலால் தடவிப் பார்த்தார். குறை ஒன்றும் அகப்படவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நைனாவிடம், "படிச்ச புள்ளைய பெத்தவனுக்குத் தறி எதுக்குய்யா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். தறியில் இருந்த பாவு தீர்ந்தது. அடுத்த பாவுக்கு நைனா போனபோது, பட்டு வரவில்லை, வந்தால் போன் செய்கிறோம் என்று மேனேஜர் சொல்லி அனுப்பினார்.

அதற்கப்புறம் அந்தப் போன் அடிக்கவில்லை.

எங்கள் வீட்டில் அதுவரை அப்படி ஒரு அமைதி இருந்ததில்லை. வெறும் தறியில் தூசி படிந்தது. அம்மா தினமும் போனைத் துடைத்தாள். தறியைத் துடைத்தாளோ இல்லையோ, போனைத் துடைத்தாள். பக்கத்துத் தெருவில் சைக்கிள் மணி கேட்டால்கூட நைனா திரும்பிப் பார்ப்பார். யாரும் இல்லாத நேரம் பார்த்து நானே ரிசீவரை எடுத்து, லைன் இருக்கிறதா என்று காதில் வைத்துப் பார்த்திருக்கிறேன். கொர்ரென்று சத்தம் வரும். நன்றாகத்தான் இருந்தது. பிடுங்கி எறிகிறேன் என்று சொன்ன என்னை, அது அடிக்காதா என்று பார்க்கும்படி அந்த ஆள் ஆக்கினார். தறிச் சத்தம் கேட்டதைக்கூட நான் மன்னித்துவிடுவேன். இதை மன்னிக்கவே மாட்டேன்.

முதலாளி போன் செய்யவே இல்லை. ஒருநாள் நைனா சட்டையைப் போட்டுக்கொண்டு எழுந்தார். எங்கே என்று கேட்டதற்கு, சங்கத்துக்கு என்றார். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்து, நாலைந்து தடவை அலைந்து, பாவு வாங்கிவந்தார். கூலி கொஞ்சம் குறைவு. ஆனால் புடவையைக் கொண்டுபோனால் விரித்துப் பார்த்து அளந்து வாங்கிக்கொள்வார்கள். நடுவில் தறி எப்போது ஓடியது, எப்போது நின்றது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. வெகு நாள் கழித்து நைனா கடைக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்தார். வந்து, "டீ நல்லாவே இல்ல" என்றார்.

முதலாளி போன் பில் கட்டுவதை நிறுத்தியிருந்தார். எனக்கும் சென்னையிலேயே வேறொரு ஆபீஸில் வேலை கிடைத்தது. சரண்டர் செய்துவிடலாம், நான் எழுதித் தருகிறேன், ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்றேன். அம்மாவுக்கு மனசில்லை, மெட்ராஸிலிருந்து நீ எப்படிப் பேசுவாய் என்றாள். நைனா வேறு காரணம் சொன்னார்.

"அவன் வெச்சதுன்னு நாம எடுத்துட்டா, அவன் கெலிச்சா மாதிரி ஆயிடும். என் பேர்ல கீற போனு. இருக்கட்டும். எடத்த மட்டும் மாத்து."

லைன்மேனைக் கூட்டிவந்தேன். எல்லோரும் எடுக்கச் சொல்கிறார்கள், நீங்கள் நகர்த்தச் சொல்கிறீர்களே என்று சிரித்துக்கொண்டே ஒயரை இழுத்து, தெருக்கதவுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டுப் போனார். தறியோரச் சுவரில் ஆணி ஓட்டைகள் மட்டும் இருந்தன. மரத்தட்டை நைனா விறகோடு போட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சென்னையிலிருந்து கூப்பிடுவேன். நைனா உடனே எடுக்க மாட்டார். ஓட்டிக்கொண்டிருப்பது ஒரு இடத்துக்கு வந்த பிறகுதான் பள்ளத்திலிருந்து ஏறுவார். பூத்தில் நிற்கும் எனக்கு எரிச்சலாக இருக்கும், பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் முனகுவார்கள். செல் வாங்கிய பிறகு அவருக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அதை அம்மா வைத்துக்கொண்டாள். வீட்டுப் போனுக்கு, கூப்பிடுகிறவர் நம்பரைக் காட்டுகிற புதுப் பெட்டி ஒன்றையும் வாங்கி மாட்டினேன்.

அதற்கு அடுத்த தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது காலையில் அது அடித்தது. கதவோரம் போய்ப் பார்த்தேன். பெட்டியில் தெரிந்த நம்பர் எங்கள் மூவருக்கும் மனப்பாடம். பண்டிகை நேரம். கைதேர்ந்த நெசவாளர்களுக்கு எல்லா முதலாளிகளும் ஆளாய்ப் பறந்துகொண்டிருந்தார்கள் என்று அம்மா முன்னாலேயே சொல்லியிருந்தாள். அவள் ராட்டையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். எடுத்து நாலு வார்த்தை கேட்க எனக்குக் கை பரபரத்தது. எத்தனையோ வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள்.

"அவருதான் நைனா. எடுக்கட்டுமா?" என்று கத்தினேன்.

நைனா தலையைத் தூக்கவில்லை. நாடா ஓடிக்கொண்டிருந்தது. "அடிக்கட்டும்" என்றார்.

அடித்தது, நின்றது. மறுபடி அடித்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். அந்தப் பக்கம் அவருக்கு மணி போகிற சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கும். தறிச் சத்தம் கேட்டிருக்காது. உள்ளே நைனா முந்தியை ஓட்டிக்கொண்டிருந்தார், விட்டுவிட்டு, நிதானமாக. அம்மா மறுபடி ராட்டையைச் சுற்ற ஆரம்பித்தாள்.

இப்போதும் வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை, பண்டிகையோ முகூர்த்தமோ நெருங்கும்போது, அந்த நம்பரிலிருந்து வரும். நாங்கள் யாரும் எடுப்பதில்லை. சரண்டர் பண்ணச் சொல்கிறவர்களிடம் இதைத்தான் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்: அந்த ஆள் கூப்பிடும்போது எடுக்காமல் இருப்பதற்காவது வீட்டில் ஒரு போன் இருக்க வேண்டாமா?